ஹோலிவுட் சம்மர் படத்தில ஒண்டே ஒண்டு எடுக்கலாமெண்டா எதை எடுக்கிறது?

கேள்வி இதுதான். திருகோணமலை டவுனுக்குள்ள ஒரேயொரு ஸ்கிரீன் வச்சிருக்கிற ஒரு ஆள், மே தொடக்கம் ஆகஸ்ட் முடியிறதுக்குள்ள, தமிழ்ப் படங்களுக்கு நடுவில ஒரேயொரு பெரிய பட்ஜெட் இங்கிலிஷ் படத்தை எடுத்து ஓட்டிப் பாப்பம் எண்டு நினைக்கிறார், அப்ப எந்த மாதிரிப் படத்துக்குப் போறது? கேட்டது என்ர மாமா. அவரும் அவற்ற கூட்டாளியும் சேந்து ஒரு ஹோலைக் குத்தகைக்கு எடுத்து நடத்துறாங்கள், தமிழ்ப் படம் வந்தா சனம் வரும், படம் இல்லாத கிழமையில கரண்ட் பில் மட்டும் வரும். "மருமோன், நீ உந்த பொக்ஸ் ஒபிஸ் கதையெல்லாம் விடிய விடியப் பாத்துக்கொண்டு கிடக்கிறாய்தானே, எது எடுக்கலாமெண்டு ஒழுங்கா எழுதித் தா" எண்டார். எழுதினதைக் கொஞ்சம் நீட்டி இதில போடுறன், வேற ஊரில ஹோல் வச்சிருக்கிற ஆக்களுக்கும் உதவலாம், படம் பாக்க மட்டும் போற ஆக்களுக்கும் எந்த நம்பரை நம்புறது எண்டு விளங்கும்.

முதல்ல அவங்கட சம்மர் எண்டா என்ன. மே மாத முதல் வெள்ளி தொடங்கி செப்டம்பர் முதல் திங்கள் வாற லேபர் டே வரைக்கும்தான் ஹோலிவுட் கணக்கில சம்மர். ஒரு காலத்தில இது செத்த சீசன், வெயிலுக்கு ஆக்கள் கடற்கரைக்குப் போயிடுவாங்கள், தியேட்டருக்கு ஆர் வரப்போறாங்கள் எண்ட நினைப்பு. 1975 ஜூன் 20ஆம் திகதி ஸ்பீல்பேர்க்கின்ர 'ஜோஸ்' வந்துது, ஒரே நாள்ல 409 தியேட்டர், அதுக்கு முதல் டிவியில விளம்பரம் போட்டுத் தள்ளி சனத்தைப் பிடிச்சாங்கள். சனம் கடலுக்குப் போற காலத்தில கடல்ல இறங்கவே பயப்பிடுத்துற படம், யோசிச்சுப் பாத்தா நல்ல பகிடிதான். அதோட பெரிய படமெண்டா சம்மர், சம்மரெண்டா நிறையத் தியேட்டர்ல ஒரே நேரத்தில இறக்குறது எண்ட பழக்கம் பிடிச்சிட்டுது. சம்மர் படத்துக்கு இன்னொரு பலம் இருக்கு, அதைக் கன பேர் கவனிக்கிறேல்ல. அங்க ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பள்ளிக்கூடம் லீவு. அதால செவ்வாய், புதன்கூட சனிக்கிழமை மாதிரித்தான், பிள்ளையள் வீட்டில நிக்குதுகள், எங்கயாவது கூட்டிக்கொண்டு போகவேணும். ஒரு படம் கிழமை நாளில காசு சேக்கிறதுக்கும் மாசக்கணக்கா ஓடுறதுக்கும் இது பெரிய காரணம்.

எங்களுக்கு அந்த லீவு இல்லை, முதல் சிக்கல் அதுதான். எங்கட பிள்ளையளுக்கு சித்திரையில லீவு, பிறகு ஆகஸ்ட்ல லீவு, இடையில மே, ஜூன், ஜூலை முழுக்கப் பள்ளிக்கூடமும் டியூசனும். ஆனா திருகோணமலைக்கு எண்டு ஒரு சீசன் இருக்கு, மே தொடக்கம் செப்டம்பர் வரைக்கும் கடல் அடங்கியிருக்கும், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டுக்காரரும் கொழும்புக்காரரும் நிறையும். அவங்கள் எல்லாம் படம் பாக்க வருவாங்கள் எண்டு மாமான்ர கூட்டாளி ஒரு கனவு வச்சிருக்கிறார், எனக்கு அதில பெரிய நம்பிக்கை இல்லை, புறாத்தீவுக்குப் போகக் காசு குடுத்து வாற ஆள் பின்னேரம் டவுனுக்கு வந்து இருட்டுக்குள்ள குந்தப் போறேல்ல. ஆனா கச்சான் காத்து அடிக்கிற நாள்ல, பகல் ஒரு மணி ரெண்டு மணிக்கு வீட்டுக்குள்ளயும் இருக்கேலாது றோட்டிலயும் நிக்கேலாது எண்டு கிடக்கிற ஊர்ச் சனத்துக்கு ஏசி ஹோல் எண்டா அது வேற விசயம். அந்தப் பகல் ஷோவைத்தான் நான் குறி வைக்கச் சொல்லுறன், ஏனெண்டு கீழ வருது.

சரி, எங்களுக்கு முன்னால நாலு வழி. ஒண்டு, சூப்பர்ஹீரோ இல்லாட்டி பெரிய பேர் உள்ள சீக்வல், முதல் நாளே எடுக்கிறது. ரெண்டு, குடும்பத்தோட பாக்கிற அனிமேஷன். மூண்டு, ஒரு ஸ்டார் மூஞ்சியை வச்சு ஓடுற அக்‌ஷன், டொம் குரூஸ் மாதிரி. நாலு, அவசரப்படாம ஆகஸ்ட் வரைக்கும் இருந்து, மலிவா எடுத்து நல்லா ஓடுற பேய்ப்படம், திரில்லர் மாதிரி ஒண்டைப் பிடிக்கிறது.

முதலாவது வழிதான் எல்லாரும் சொல்லுறது, பெடியள் கேக்கிறதும் அதுதான். பெரிய ஓப்பனிங் நம்பரை, அதாவது முதல் வீக்கெண்ட் வசூலை, பாத்தா ஆருக்கும் ஆசை வரும். 2019 ஏப்ரல் கடைசியில வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' அமெரிக்காவில முதல் வீக்கெண்டிலயே 357 மில்லியன் டொலர், முடிவில அங்க மட்டும் 858 மில்லியன். இதை ஒருக்கா வகுத்துப் பாருங்கோ, 2.4 வருது. அதாவது முழு ஓட்டத்தில நூறு ரூவா வந்துதெண்டா நாப்பது ரூவாக்கு மேல முதல் மூண்டு நாளிலயே வந்து முடிஞ்சிட்டுது. இப்பிடி முன்னால கனமான படத்தில உழைக்கவேணுமெண்டா முதல் மூண்டு நாளும் நிறைய ஷோ வேணும், நிறைய ஸ்கிரீன் வேணும். எங்களிட்ட இருக்கிறது ஒண்டு. அந்த நாள்ல எத்தனை சனம் வந்தாலும் ஹோலுக்குள்ள இருக்கிற சீட்தான், மிச்சச் சனம் திரும்பிப் போய் போன்ல பாத்திடும்.

அதோட பங்குப் பிரச்சினை. டிக்கெட் காசு முழுக்கத் தியேட்டருக்கு இல்லை, விநியோகஸ்தருக்கு ஒரு பங்கு போகுது, வழக்கமான ஒப்பந்தத்தில முதல் கிழமைகள்ல அவங்கட பங்கு கூட, பிறகு போகப் போகக் குறையும். அமெரிக்காவில சராசரியாப் பாத்தா கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. பெரிய படமெண்டா இன்னும் கழுத்தைப் பிடிப்பாங்கள். 2017 டிசம்பர்ல 'ஸ்டார் வோர்ஸ்: த லாஸ்ட் ஜெடாய்' படத்துக்கு டிஸ்னி 65 வீதம் கேட்டது, அதோட 4 கிழமைக்கு ஆகப் பெரிய ஹோல்லதான் ஓட்டவேணுமெண்டு கண்டிசன். சின்ன ஊர்ல ஒத்தை ஸ்கிரீன் வச்சிருந்த ஆக்கள் சிலர் எங்களுக்கு வேண்டாமெண்டு விட்டுட்டாங்கள். ஊரில இருக்கிற சனம் ரெண்டு கிழமையில பாத்து முடிச்சிடும், மிச்ச ரெண்டு கிழமை வெறும் கதிரைக்கு ஓட்டவேணும், அதுதான் காரணம். அமெரிக்காவின்ர ஒரு மூலை ஊருக்கும் எங்களுக்கும் இந்த விசயத்தில வித்தியாசமே இல்லை. மாமாவுக்கு வேற எதுவும் சொல்லாம இதை மட்டும் சொல்லியிருந்தாக்கூட காணும்.

இப்ப எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வாறன். 2023 ஜூன் 16. ஒரே வெள்ளிக்கிழமை ரெண்டு படம் இறங்குது, ரெண்டுக்கும் பட்ஜெட் கிட்டத்தட்ட 200 மில்லியன் டொலர். ஒண்டு 'த ஃப்ளாஷ்', சூப்பர்ஹீரோ, பழைய பேட்மேன் மைக்கல் கீட்டனையும் கூட்டிக்கொண்டு வந்து விட்டிருந்தாங்கள். மற்றது பிக்ஸார் எண்ட அனிமேஷன் ஸ்டுடியோவின்ர 'எலிமெண்டல்', நெருப்புப் பிள்ளைக்கும் தண்ணிப் பெடியனுக்கும் காதல். முதல் வீக்கெண்ட் அமெரிக்காவில ஃப்ளாஷ் 55 மில்லியன், எலிமெண்டல் 29.6 மில்லியன். அந்தத் திங்கட்கிழமை வந்த எழுத்தெல்லாம் பாத்தா எலிமெண்டல் செத்துது, பிக்ஸார் முடிஞ்சுது எண்ட மாதிரித்தான் இருந்தது. அண்டைக்கு ஒரு ஹோல்காரர் ஓப்பனிங்கை மட்டும் பாத்து முடிவெடுத்திருந்தா எதை எடுத்திருப்பார்? ஃப்ளாஷைத்தான்.

அடுத்த வீக்கெண்ட் என்ன நடந்தது? ஃப்ளாஷ் 72 வீதம் விழுந்து 15 மில்லியனுக்கு வந்துது. எலிமெண்டல் 38 வீதம் மட்டும் விழுந்து 18 மில்லியனுக்கு மேல, ரெண்டாங் கிழமையிலயே முந்திட்டுது. பிறகு ஒண்டு தேஞ்சு கொண்டே போகுது, மற்றது நிண்டு நிண்டு ஓடுது. முடிவில அமெரிக்காவில ஃப்ளாஷ் 108, எலிமெண்டல் 154. உலகக் கணக்கில ஃப்ளாஷ் 271 மில்லியன் கிட்ட, எலிமெண்டல் 496 மில்லியன் கிட்ட. இயக்குநர் பீற்றர் சோன்ர குடும்பம் கொரியாவில இருந்து போன குடும்பம், படத்தின்ர கதையும் குடிபெயர்ந்து வந்த தாய் தேப்பன்ர கடையைப் பிள்ளை பொறுப்பெடுக்கிறதா இல்லையா எண்டதுதான், தென் கொரியாவில அது 70 லட்சம் டிக்கெட்டுக்கு மேல ஓடிச்சுது. வெளிநாட்டில சொந்தக்காரர் இல்லாத வீடு எங்கட ஊரில எங்க இருக்கு, அந்தக் கதை எங்களுக்கும் சொந்தக் கதைதான்.

இந்த ரெண்டுக்கும் இடையில வித்தியாசம் எங்க இருந்தது எண்டா, பாத்துட்டு வெளிய வந்த சனத்தின்ர வாயில. அமெரிக்காவில சினிமாஸ்கோர் எண்டு ஒண்டு இருக்கு, முதல் நாள் ராத்திரி படம் விட்டு வாற ஆக்களிட்ட கடதாசியைக் குடுத்து மார்க் போடச் சொல்லுவாங்கள். எலிமெண்டலுக்கு ஏ, ஃப்ளாஷுக்கு பி. பி எண்டா பள்ளிக்கூடத்தில நல்ல மார்க், இதில அது நல்லதில்லை, காசு குடுத்து முதல் நாளே ஓடி வந்த ஆக்களே பி எண்டா மற்ற ஆக்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

அப்ப அனிமேஷன் எண்டா கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாமோ? இல்லை. 2022 ஜூன்ல 'லைட்இயர்', அதே பிக்ஸார், அதே 200 மில்லியன், ஓப்பனிங் 50 மில்லியன் கிட்ட, அடுத்த கிழமையே பாதிக்கு மேல விழுந்து உலகக் கணக்கில 226 மில்லியனோட படுத்திட்டுது. 2025 ஜூன்ல 'எலியோ' இன்னும் மோசம், 20.8 மில்லியன், பிக்ஸார் கண்ட ஆகக் குறைஞ்ச ஓப்பனிங். இத்தனைக்கும் எலியோவுக்கு சினிமாஸ்கோர் ஏ, பாத்த சனத்துக்குப் பிடிச்சுத்தான் இருந்தது. ஆனா அதுக்கு ஒரு கிழமை முன்னால 'ஹவ் டு ட்ரெயின் யோர் ட்ராகன்', அதுக்கு முன்னால மே கடைசியில 'லீலோ அண்ட் ஸ்டிச்', ரெண்டும் நடிகர்களை வச்சு எடுத்தது, ஸ்டிச் மட்டும் உலகக் கணக்கில ஒரு பில்லியனைத் தாண்டினது. ஒரு மாசத்துக்குள்ள ஒரு தாய் தேப்பன் எத்தனை தரம்தான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போவாங்கள். அதால அனிமேஷன் எடுக்கிறதெண்டா முன்னும் பின்னும் பிள்ளையளுக்கான வேற படம் என்ன வருது எண்டு பாக்காம எடுக்கக்கூடாது. நல்லாப் போனா எப்பிடிப் போகும் எண்டதுக்கு 2024 ஜூன்ல வந்த 'இன்சைட் அவுட் 2', ஓப்பனிங் 154 மில்லியன், ரெண்டாவது வீக்கெண்டும் 100 மில்லியனுக்கு மேல, அமெரிக்காவில மட்டும் 650 தாண்டினது, உலகம் முழுக்க கிட்டத்தட்ட 1.7 பில்லியன்.

அனிமேஷன் பக்கம் நான் சாயிறதுக்கு நம்பரை விடப் பெரிய காரணம் டிக்கெட் கவுண்டர்ல நிண்டு பாத்தது. சூப்பர்ஹீரோ படத்துக்கு முதல் நாள் வாறது ஆர், பெடியள், நாலு பேர் ரெண்டு பைக்ல வருவாங்கள், இடைவேளைக்கு வெளிய போய் றோட்டுக் கடையில பிளேன்டீ குடிச்சிட்டு வருவாங்கள், கன்டீன்ல ஒரு சோடா வாங்கினா நாலு பேரும் குடிப்பாங்கள். பிள்ளையள் படத்துக்கு சனிக்கிழமைப் பகல் ஷோவுக்கு ஒரு ஓட்டோ வந்து நிக்கும், அதுக்குள்ள இருந்து அம்மா, ரெண்டு பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒண்டு, பிறகு மெதுவா அம்மம்மா இறங்குவா, அம்மம்மா இங்கிலிஷும் விளங்காது படமும் பாக்கப் போறேல்ல, ஏசிக்குள்ள நித்திரை கொள்ளத்தான் வாறா, ஆனா டிக்கெட் டிக்கெட்தான். உள்ள போக முதலே சின்னது கன்டீன் கண்ணாடியில ரெண்டு கையையும் வச்சுக்கொண்டு நிக்கும், சொக்லேட் வாங்காம அது அசையாது. தியேட்டர்காரருக்கு டிக்கெட்டில பங்கு பிரிக்கிறது இருக்கு, கன்டீன் காசில விநியோகஸ்தருக்குப் பங்கில்லை. உலகம் முழுக்க ஹோல்காரர் பிழைக்கிறது பொப்கோர்ன்லதான் எண்டு சொல்லுறது சும்மா இல்லை.

மூண்டாவது வழி, ஸ்டார் படம். இதுக்கு உதாரணம் கேட்டா எல்லாரும் 2022 மே 27 வந்த 'டொப் கன்: மாவெரிக்' எண்டுதான் சொல்லுவாங்கள், நானும் அதைத்தான் சொல்லுவன். மூண்டு நாள் ஓப்பனிங் 126 மில்லியன், அடுத்த வீக்கெண்ட் விழுந்தது வெறும் 29 வீதம், 90 மில்லியன். அமெரிக்காவில 718 மில்லியன், உலகத்தில 1.49 பில்லியன் கிட்ட. சினிமாஸ்கோர் ஏ பிளஸ். இளம் பெடியள் மட்டுமில்லை, 1986இல முதல் படத்தைப் பாத்த ஆக்கள், அவங்கட பிள்ளையள், எல்லாரும் வந்தாங்கள், வயசு போன ஆக்கள் முதல் நாளே முண்டியடிக்க மாட்டாங்கள், ஆறுதலா மூண்டாங் கிழமை வருவாங்கள், அதாலதான் இழுத்து இழுத்து ஓடிச்சுது.

எங்கட ஊரில அந்த மே, ஜூனை நினைச்சா வேற ஞாபகம்தான் வரும். பெற்றோல் லைன். சீனக்குடாவில வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்க் குதங்கள் வரிசையா நிக்கிற ஊரில, பெற்றோலுக்கு நாள் கணக்கா லைன்ல நிண்டது நாங்கள். கரண்ட் கட் வேற. அதுக்குள்ள ஜூன் 3ஆம் திகதி கமலின்ர 'விக்ரம்' வந்துது, இருக்கிற பெற்றோலுக்கும் இருக்கிற காசுக்கும் ஒரு படம்தான் பாக்கலாமெண்டா திருகோணமலையில ஆர் டொம் குரூஸைப் பாக்கப் போறது. இதுதான் மூண்டாவது வழியின்ர பிரச்சினை, ஸ்டார் படத்துக்கு வாற சனமும் கமல், ரஜினி, விஜய் படத்துக்கு வாற சனமும் எங்கட ஊரில ஒரே சனம். பிள்ளையள் படத்துக்கு அந்தப் போட்டி குறைவு, ஏனெண்டா தமிழ்ல பெரிய பட்ஜெட்டில பிள்ளையளுக்கெண்டே வாற படம் அத்தி பூத்த மாதிரி.

ஸ்டார் படத்தில இன்னொரு விசயம் விளங்கிக் கொள்ள வேணும், இது மாமாவுக்கு விளங்கப்படுத்தக் கொஞ்சம் நேரமெடுத்தது. 2025 மே 23, ஸ்டிச் வந்த அதே நாள், 'மிஷன் இம்பொஸிபிள்: த ஃபைனல் ரெக்கனிங்'. பட்ஜெட் 300 தொடக்கம் 400 மில்லியன் எண்டு பேப்பர்கள்ல வந்துது. உலக வசூல் கிட்டத்தட்ட 600 மில்லியன். ஸ்டுடியோவுக்கு இது நல்ல கணக்கில்லை. ஏனெண்டா 600இல பாதிக்குக் கிட்டத்தான் ஸ்டுடியோ கைக்கு வரும், வெளிநாட்டில இன்னும் குறைவு, சீனாவில எண்டா 25 வீதம்தான், அதுக்கு மேல பட்ஜெட் எண்டு சொல்லுற நம்பருக்குள்ள விளம்பரச் செலவு வாறதேயில்லை, பெரிய படத்துக்கு அது தனியா 100 மில்லியனுக்கு மேல போகும். அதாலதான் பட்ஜெட்டை விட ரெண்டரை மடங்கு வந்தாத்தான் தப்பிச்சுது எண்டு ஒரு குத்துமதிப்புக் கணக்கு வச்சிருக்கிறாங்கள். 'வோர்கிராஃப்ட்' எண்டு 2016இல ஒண்டு வந்துது, உலக வசூல் 439 மில்லியன் எண்டு கேக்க வடிவா இருக்கும், ஆனா அதில பாதி சீனாவில வந்தது, அமெரிக்காவில 47தான், அப்ப கையில என்ன மிஞ்சியிருக்கும்.

ஆனா இந்தக் கணக்கெல்லாம் ஸ்டுடியோவின்ர தலையிடி, ஹோல்காரருக்கு இதில ஒண்டுமில்லை! படம் எடுக்க 400 மில்லியன் செலவழிச்சானோ 40 மில்லியன் செலவழிச்சானோ, டிக்கெட்டின்ர விலை ஒண்டுதான். ஸ்டுடியோவுக்கு நட்டம் வந்த படம் ஹோலுக்கு லாபமா இருக்கலாம். ஃப்ளொப், ஹிட் எண்டு யூடியூப்ல கத்துற ஆக்கள் சொல்லுறது ஸ்டுடியோவின்ர கணக்கு. மாமாவுக்கு வேண்டியது ஒரேயொரு கணக்கு, முதல் கிழமை வந்த சனத்தோட பாக்கேக்க ரெண்டாங் கிழமை, மூண்டாங் கிழமை எத்தனை பேர் வருவாங்கள் எண்டது. பங்கும் அப்பத்தான் எங்கட பக்கம் சாயும்.

நாலாவது வழியை நான் கெதியா முடிச்சிடுறன். ஆகஸ்ட் எண்டா ஹோலிவுட் மிச்சம் மீதி தள்ளுற மாசம் எண்டு ஒரு பேர் இருக்கு, ஆனா சில நேரம் அதுக்குள்ள தங்கம் கிடக்கும். 1999 ஆகஸ்ட் 6ஆம் திகதி 'த சிக்ஸ்த் சென்ஸ்', 40 மில்லியன்ல எடுத்தது, ஓப்பனிங் 26.7, அமெரிக்காவில மட்டும் 293 மில்லியன் வரைக்கும் போச்சுது, பதினொரு மடங்கு. நைட் ஷியாமளன் பிறந்தது புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேல, படம் வந்த நாள் அவற்ற 29ஆவது பிறந்த நாள், இது சும்மா சொல்லுறன். 2025 ஆகஸ்ட்ல 'வெப்பன்ஸ்' எண்ட பேய்ப்படம், 38 மில்லியன்ல எடுத்து ஓப்பனிங்கே 43 மில்லியன், உலகத்தில 260க்கு மேல. கணக்குப் பாத்தா நாலிலயும் வடிவான வழி இதுதான். ஆனா திருகோணமலையில ஆகஸ்ட் எண்டா? 2023 ஆகஸ்ட் 10 'ஜெயிலர்'. 2025 ஆகஸ்ட் 14 'கூலி'. ரஜினி படம் இருக்கிற கிழமையில ஒத்தை ஸ்கிரீன்ல இங்கிலிஷ் பேய்ப்படம் ஓட்டினா ஊர்ச்சனம் மாமாவைத்தான் பேய் பிடிச்சுதோ எண்டு பாக்கும். பேய்ப்படத்துக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டும் வரேலாது, ஆகஸ்ட் லீவு வீணாப் போகும்.

அப்ப ஜூன்ல வந்த அனிமேஷனை ஆகஸ்ட் லீவு வரைக்கும் வச்சிருந்து ஓட்டினா என்ன எண்டு மாமா கேட்டார், கேள்வி நல்ல கேள்வி, முந்தின காலமெண்டா ஓமெண்டிருப்பன். முந்தி ஒரு படம் தியேட்டருக்கு வந்து மூண்டு மாசத்துக்குக் கிட்டப் போனாத்தான் வீட்டில பாக்கிற மாதிரி வரும். கொரோனாவுக்குப் பிறகு அந்த இடைவெளி சுருங்கிட்டுது, 2024 மே 3 வந்த 'த ஃபோல் கை' மூண்டு கிழமைக்குள்ளயே அமெரிக்காவில வீட்டில காசு கட்டிப் பாக்கிற மாதிரி வந்திட்டுது. அது வந்தா அடுத்த மணித்தியாலம் எங்கட பெடியள்ர போன்லயும் வந்திடும், எப்பிடி எண்டு நான் சொல்லத் தேவையில்லை. அனிமேஷன் படங்களுக்கு பொதுவாக் கொஞ்சம் கூட நாள் விடுறாங்கள், எண்டாலும் ஆகஸ்ட் வரைக்கும் வச்சிருக்கிறது ஆபத்து. ஜூலையில வாற படமெண்டா ஆகஸ்ட் தொடக்கத்தைப் பிடிக்கலாம், அதுதான் என்ர கண்ணுக்குப் பொருத்தமாத் தெரியுது.

சரி, முடிவு. நான் சொல்லியிருக்கிறது ரெண்டாவது வழி, அதுவும் முதல் நாள் இல்லை. ஜூன் கடைசியோ ஜூலையோ வாற ஒரு குடும்ப அனிமேஷன், அமெரிக்காவில அதின்ர ரெண்டாவது வீக்கெண்ட் நம்பர் வந்த பிறகு. நாப்பது வீதத்துக்குள்ள விழுந்திருந்தா எடுக்கலாம். அறுபது தாண்டினா ஓப்பனிங் எவ்வளவு பெரிசா இருந்தாலும் தொடவே வேண்டாம். இடையில எண்டா அதுக்குப் பக்கத்தில பிள்ளையளுக்கு வேற படம் வருதா எண்டு பாத்து முடிவெடுக்கலாம். பிந்தி எடுக்கிறதால மவுசு போயிடும் எண்டு மாமான்ர கூட்டாளி சொல்லுறார், பெடியள் படமெண்டா போகும்தான், அஞ்சு வயசுப் பிள்ளைக்கு முதல் நாள் எது ரெண்டாங் கிழமை எது எண்டு தெரியாது.

கண்டிசன் ரெண்டு மூண்டு இருக்கு. தமிழ் டப்பிங் பிரதி கிடைக்குமா எண்டு முதல் கேக்கவேணும், கிடைக்காட்டி என்ர முடிவையே நான் மாத்துவன், சப்டைட்டில் வாசிக்கிற வயசு இல்லை அந்தப் பிள்ளையளுக்கு. ஷோவை முழு நாளும் குடுக்கக்கூடாது, பகல் ஷோ மட்டும் அனிமேஷனுக்கு, பின்னேரமும் இரவும் தமிழ்ப் படத்துக்கு, விநியோகஸ்தர் அதுக்கு ஒத்துக்கொள்ளாட்டி அந்தப் படத்தை விடுறதுதான் நல்லம். பெருநாள், போயா லீவு எந்தக் கிழமையில விழுதெண்டும் பாக்கவேணும், ஹஜ்ஜுப் பெருநாள் இப்ப சில வருசமா மே, ஜூன் பக்கம் வருகுது, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில இருந்து பெருநாளுக்கு அடுத்தடுத்த நாள் குடும்பமா டவுனுக்கு வாற சனம் கொஞ்சமில்லை, போஸ்டரை அநுராதபுரச் சந்தியில மட்டும் ஒட்டிப்போட்டு இருக்காம அந்தப் பக்கமும் ஒட்டச் சொல்லியிருக்கிறன். சீட் துடைக்கிறதைப் பற்றியும் ஒரு சொல்லுச் சொன்னனான், தாய்மார் ஒருக்கா மூட்டைப்பூச்சியைக் கண்டா பிறகு எந்தப் படம் போட்டாலும் வரமாட்டாங்கள், மாமாவுக்கு அது பிடிக்கேல்ல, எண்டாலும் சொல்லத்தானே வேணும்.

அங்க ஞாயிறு காலமை ஸ்டுடியோக்கள் வீக்கெண்ட் வசூலின்ர உத்தேசக் கணக்கை விடும், எங்களுக்கு அது ஞாயிறு இரவு. சரியான கணக்கு அங்கத்தைத் திங்கட்கிழமை, எங்களுக்குத் திங்கள் இரவு இல்லாட்டிச் செவ்வாய் விடிய. உத்தேசத்தை நம்பி ஞாயிறு ராத்திரியே விநியோகஸ்தருக்குப் போன் எடுக்கவேண்டாம், செவ்வாய்க்கிழமை காலமை தேத்தண்ணி குடிச்சிட்டு எடுங்கோ எண்டு மாமாவிட்டச் சொல்லி வச்சிருக்கிறன்.